முதுகில் பிள்ளை கட்டிய சூசையப்பர்

பாசியைக் கபிரியேல் கத்தியால் வெட்டமாட்டார். பால் டின் மூடியைப் பாறைக்கும் பாசிக்கும் நடுவில் நுழைத்து, கல்லிலிருந்து தோசையை எடுப்பதுபோல விளிம்பு விளிம்பாகத் தூக்குவார். தூக்கியதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார். மழை வாசனை இருந்தால் அது கோணிக்குள் போகும். வேறு வாசனை வந்தால் எடுத்த இடத்திலேயே திரும்பப் படுக்கவைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு அடுத்த பாறைக்கு நகர்வார். "இது டிசம்பர் இருவத்தஞ்சு வரைக்கும் தாங்காதுவே" என்பார். பக்கத்தில் யாரும் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

மூணாறுப் பக்கம், பள்ளிவாசல் பவர்ஹவுசுக்கு மேலே, ரோடு மூன்று முறை வளைந்து ஏறும் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். அதன் ஃபாக்டரியில் அவர் ஃபிட்டர். ஐம்பத்தாறு வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் மலையேறி வந்தவர். கபிரியேல் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்தவர். முப்பது வருடம் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றதில் இடது காது போய்விட்டது. இடப்பக்கம் நின்று பேசினால் பதில் வராது. கோபமாக இருக்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு; அந்த நினைப்பை மாற்ற அவர் முயன்றதும் இல்லை. மெஷினில் கோளாறு என்றால் இரும்பின்மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "இவளுக்கு வயித்துக்குள்ள நோவுவே. பேரிங்கு போச்சு" என்பார். மெஷின்கள் எல்லாமே அவருக்கு 'இவள்', 'அவள்'. கட்டிய மனைவி மதலேனம்மாளை மட்டும் 'ஏட்டி' என்பதோடு சரி. பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

அக்டோபர் பிறந்ததும் ஃபிட்டர் என்பதை ஊர் மறந்துவிடும். அதற்கப்புறம் ஜனவரி வரை அவர் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் குடில்காரர்.

எஸ்டேட் கோயிலின் வடக்குச் சுவரை ஒட்டிப் பதினாலு அடி நீளத்துக்கு ஒரு மலை எழும்பும். தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டம், அதன்மேல் கோணி, கோணியின்மேல் சேறு, சேற்றின்மேல் பாசி. பின்னால், தேயிலைச் சாயத்திலும் சலவை நீலத்திலும் முக்கியெடுத்த பழைய வேட்டிகளில் அடுக்கடுக்காகத் தூரத்து மலைகள். அவருடைய பெத்லகேமில் ஒட்டகம் கிடையாது. ஓடைக்கரையில் மூன்று யானை நிற்கும். மலை உச்சியிலிருந்து இரண்டு குழாய் இறங்கும். குழாயின் அடியில் ஒரு பவர்ஹவுஸ். வெளியே ஓடும் ஓடையை மூங்கில் பிளந்து ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, தகரச் சக்கரத்தின்மேல் விழவைத்து, சக்கரத்தோடு சைக்கிள் டைனமோ ஒன்றைச் சேர்த்திருப்பார். தண்ணீர் விழுந்தால்தான் மாட்டுத்தொழுவத்தில் விளக்கு எரியும். மலைக்குப் பின்னால் கரியடுப்பில் ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். அதன் ஆவி குழாய் வழியாக வந்து, சுண்டுவிரல் உயரத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூடுபனி மஞ்சாக இறங்கும். கெட்டிலில் யூகலிப்டஸ் இலை போட்டிருப்பதால் பெத்லகேமுக்கு வாசனையும் உண்டு.

சத்தம் பிறகுதான் சேர்ந்தது. டிஸ்பென்சரியின் மலையாளத்துக் கம்பவுண்டருக்கு அவர் தம்பி குவைத்திலிருந்து ஒரு டேப்ரிக்கார்டர் கொண்டுவந்து கொடுத்தான். "கபிரியேலே, சூட்சிச்சு உபயோகிக்கணும் கேட்டோ" என்று, பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி நூறு தடவை சொல்லித்தான் கம்பவுண்டர் அதைக் கைவிட்டார். அந்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் காதுள்ள மனிதர் மலை முழுக்கச் சுற்றினார். சில்வர் ஓக் மரத்தில் காற்று, கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் போடும் சண்டை, குழாய்க்குள் தண்ணீர் உறுமுவது, மலையணில் கத்துவது, ஃபாக்டரியின் காலைச் சங்கு. எல்லாம் தொழுவத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். பவர்ஹவுசில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு ஏறி வந்து பார்ப்பார்கள். கோயிலுக்குள் காலெடுத்து வைத்திராத சுடலைமாடன் பக்தர்கள் கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். சங்குச் சத்தம் வந்ததும் சில பெண்கள் தங்களை அறியாமல் இடுப்பில், வேலைக்குக் கட்டும் கொங்காணியைத் தேடுவார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

பொம்மைகளும் அவர் கையால்தான். ஓடைக் களிமண்ணோடு ஃபாக்டரி கழித்துப்போடும் தேயிலை நாரைச் சேர்த்துப் பிசைந்தால் வெடிப்பு விழாது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு பொம்மைக்கும் எஸ்டேட்டில் ஒரு முகம் இருக்கும். பக்கத்து வீட்டு ராமுத்தாய் ஒரு வருடம் தன்னை இடைச்சியாகப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரிதேன். என் மூக்குத்திய எங்க முழுங்குனீக?" என்று சண்டைக்கு வந்தாள். மறுநாள் பித்தளைத் தூள் ஒன்று இடைச்சியின் மூக்கில் மின்னியது.

முகமில்லாமல் நின்றவர் மாதாவின் கணவர் சூசையப்பர் ஒருவர்தான். 1958-ல் முதல் குடில் கட்டியதிலிருந்து அவர் தொழுவத்துக்கு வெளியே, கையில் லாந்தரோடு, மாதாவுக்கும் பிள்ளைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலைப்பாகையும் தாடியும் தவிர வேறொன்றும் தெரியாது. ஏன் இப்படி என்று கேட்டால், "ஆம்பள வெளிய பாத்துதான் நிக்கணும். யானை வந்தா என்ன செய்ய?" என்பார் கபிரியேல். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவருக்கு ஒரே மகன், மிக்கேல். அதே ஃபாக்டரியில், கொழுந்து வாட்டும் மாடியில் அவனுக்கு வேலை. அதிகம் பேசாதவன். மருமகள் சிசிலி கொழுந்து கிள்ளப் போகிறவள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, பிலோமி. 1971 ஆகஸ்டில் அதற்கு ஒன்றரை வயது.

அந்த மாதம் சிசிலிக்கு மேற்குச் சரிவில் வேலை போட்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகை கிழக்கே ஃபாக்டரியைத் தாண்டி இருந்தது. பிள்ளையைக் கொண்டு விட்டுவிட்டுத் திரும்பினால் அவளுக்கு அரை நாள் பெயரும் கூலியும் போய்விடும். மிக்கேல் பார்த்தான். அவன் போகிற வழிதானே? ஒருநாள் காலை மனைவியின் பழைய சேலையைக் கிழித்து, பெண்கள் கட்டுவதுபோலவே பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டான். ஒரு கையில் தூக்குச்சட்டி, ஒரு கையில் குடை. சாரல் மழையில் நடந்து வந்தான்.

ஃபாக்டரி வாசலில் சங்குக்காகப் பத்துப் பதினைந்து ஆண்கள் நின்றார்கள். கபிரியேலும் நின்றார். தூரத்தில் மகன் வருவதை எல்லோரும் பார்த்தார்கள். முதலில் ஒருவன் தொண்டையைச் செருமினான். இன்னொருவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். கபிரியேல் அதைக் கண்டார். யாரோ ஏதோ சொல்லப்போகிறார்கள். தன் காதுபடச் சொல்லப்போகிறார்கள். அதற்கு முந்திக்கொள்ள வேண்டும் என்பது தவிர அந்த நிமிடத்தில் அவருக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"ஏலேய்! பிள்ளய மட்டும் கெட்டுனா போதுமால? சேலையயும் உடுத்திக்கிட்டுக் கொழுந்து கிள்ளப் போயேம்ல!"

வாசலே சிரித்தது. மிக்கேல் நின்றுவிட்டான். அப்பாவை ஒருமுறை பார்த்தான். சங்கு ஊதியது. கபிரியேல் முதல் ஆளாக உள்ளே போனார்.

சிரிப்பு அன்றோடு போகவில்லை. ஒரு வாரம் கழித்து, மிக்கேல் சட்டை மாட்டும் ஆணியில் யாரோ கொழுந்துக் கூடை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அடுத்த மாதச் சம்பளம் வாங்கியதும் அவன் மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மலை இறங்கிவிட்டான். போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டான். அப்பாவிடம், "சாவி அலமாரி மேல இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் ஒரு மாந்தோப்பில் இருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. மதலேனம்மாள் வருடாவருடம் மாம்பழக் காலத்தில் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள். வரும்போது ஒரு பை நிறையப் பழம் கொண்டுவருவாள். கபிரியேல் அது எங்கே விளைந்தது என்று கேட்கமாட்டார். ஒவ்வொரு பழமாக எடுத்து, தோலோடு, கொட்டை வெளுக்கும்வரை சாப்பிடுவார். அந்த நாட்களில் மனைவி வீட்டு வேலையாகப் போகும் இடமெல்லாம் அவரும் ஏதாவது சாக்கில் போவார். விறகடுப்புப் பக்கம் நிற்பார். அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்பது எண்ணம். அவளும் அப்படி ஒன்றும் இளகியவள் இல்லை. கேட்டால் சொல்லுவேன் என்று இருந்தாள். ஐந்து வருடம் இப்படியே போயிற்று.

ஐந்து வருடமும் குடில் நடந்தது. யானை நாலாயிற்று. பவர்ஹவுசுக்குச் சிவப்பு விளக்கு வந்தது. சூசையப்பர் முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து நின்றார்.

1976 அக்டோபரில் மண் பிசையும்போதுதான் அது நடந்தது. கபிரியேல் பழைய சூசையப்பரை எடுத்துத் தூசி தட்டினார். வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு தண்ணீர் வாளிக்குள் போட்டார். அது கரைந்து, லாந்தரின் கம்பி மட்டும் அடியில் நின்றது.

புதிய சூசையப்பரின் கால்கள் சுலபமாக வந்தன; நடக்கிற கால்கள். உடம்பும் வந்தது. பிள்ளையை முதுகில் வைத்துக் கட்டவேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. முடிச்சு எங்கே விழும்? பின்னால் தாங்கும் கையின் விரல்கள் எப்படி விரியும்? ஞாயிற்றுக்கிழமை லயங்களைச் சுற்றி வந்தார். பிள்ளையை முதுகில் கட்டிய ஆண் ஒருவனும் கிடைக்கவில்லை. கிடைத்திருக்கக்கூடிய ஒருவனைத் தானே துரத்திவிட்டது அவருக்கு அங்கேயே, தண்ணீர்க் குழாயடியில், உறைத்தது.

அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு சாக்கில் தவிட்டை நிரப்பி, மனைவியின் சேலையால் முதுகில் கட்டிப் பார்த்தார். நழுவியது. இறுக்கினார். கழுத்தைப் பிடித்தது. சுவரில் மாட்டியிருந்த கைக்கண்ணாடியில் முதுகைப் பார்க்க உடம்பை முறுக்கிக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக மதலேனம்மாள் உள்ளே வந்தாள்.

திருடும்போது பிடிபட்டவர்போல நின்றார். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். கிட்டே வந்து முடிச்சை அவிழ்த்தாள்.

"கழுத்துக்கு நேரா முடிச்சு போடக்கூடாது. பிள்ளைக்கு மூச்சு முட்டும்" என்றாள். சேலையை அக்குளுக்கு அடியில் கொண்டுபோய், நெஞ்சுக்குக் குறுக்கே திருப்பி, இடுப்பில் முடிந்தாள். இழுத்துப் பார்த்தாள்.

"மிக்கேலு ஒழுங்காத்தான் கெட்டியிருந்தான்."

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சூசையப்பர் முடிந்தார். கூடவே கபிரியேலுக்கு இன்னொரு ஆசை வந்தது. அந்தப் பொம்மைக்குப் பின்னால் ஒரு தாலாட்டு ஓடவேண்டும். ஆண் குரலில். டேப்ரிக்கார்டரோடு மறுபடி லயம் லயமாகப் போனார். பெண்கள் பாடுவதற்குத் தயாராக இருந்தார்கள். ஆண்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியாதுவே" என்றார்கள். "நாங்க எங்க பிள்ளய ஒறக்காட்டுனோம்? நம்மள கண்டாலே அழுவும்" என்றான் பாய்லர் மேஸ்திரி. "என்ன ஓய், வயசு காலத்துல உமக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். கபிரியேல் அடுத்த லயத்துக்கு நடந்தார். நாலு ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்து, டேப்பில் பதிந்தது நாய் குரைப்பும் ஆண்களின் சிரிப்பும்தான்.

டிசம்பர் முதல் வாரம் மொக்கையன் வந்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கூட்டத்துக்குத் தலைவன். மீசையை இரண்டு பக்கமும் விரலால் நீவினால்தான் பேச்சு ஆரம்பிக்கும். காட்டுப்பன்றியைக் கவ்வாத்துக் கத்தியாலேயே விரட்டியவன் என்று பெயர். மத்தியானம், கோயிலில் கபிரியேல் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து வந்தான். வந்தவன் தானே கதவைத் தாழிட்டான்.

"அண்ணே, அந்தப் பெட்டியப் போடுங்க. ஒரு தடவதேன் பாடுவேன்."

"ஒனக்குத் தெரியுமாவே?"

"எங்காத்தா மூணாவது பிரசவத்துல போயிருச்சு. தங்கச்சிய நாந்தேன் தோள்ல போட்டு வளத்தேன். யார்ட்டயும் சொல்லிராதீங்கண்ணே. பயலுக தொலச்சுருவாய்ங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். மீசையைத் தொடவில்லை. ஆராரோ என்று ஆரம்பித்தான். குரல் கரகரவென்று, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. காட்டெருமை தூங்கப் போயிருச்சு, கருங்குரங்கு தூங்கப் போயிருச்சு, நீ ஒருத்திதான் பாக்கி என்று அவனே எப்போதோ கட்டிய வரிகள். மூன்றாவது வரியில் நின்றது. அப்புறம் வரவில்லை. கபிரியேல் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். மொக்கையன் கதவைத் திறந்து, வெளியே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போனான்.

கிறிஸ்துமஸ் அன்று குடிலின் திரையை விலக்கினார்கள். மஞ்சு இறங்கியது. சக்கரம் சுற்றி விளக்கு எரிந்தது. தொழுவத்தில் மாதா வைக்கோலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாலகன் இருக்கவேண்டிய தொட்டில் காலியாக இருந்தது. கொஞ்சம் தள்ளி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில், பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு சூசையப்பர் உலாத்திக்கொண்டிருந்தார். இந்தமுறை அவருக்கு முகம் இருந்தது. அது மிக்கேலின் முகம் என்று சொல்ல யாருக்கும் இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை.

பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பாட்டு ஆரம்பித்ததும் ஆண்கள் பக்கம் சலசலப்பு. "சூசையப்பர இப்படியா கேவலப்படுத்துறது?" என்று எஸ்டேட் கணக்கப்பிள்ளை எழுந்தே விட்டார். மூணாறிலிருந்து பூசைக்கு வந்திருந்த சாமியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குடில் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"பெத்தெடுத்தவள் தூங்க வேண்டாமா? அந்த நேரத்தில் பிள்ளையை யாராவது வாங்கித்தானே இருக்கவேண்டும்" என்றார். கணக்கப்பிள்ளை உட்கார்ந்தார். மொக்கையன் உள்ளே வரவில்லை. கோயிலுக்கு வெளியே நின்று, பாட்டு முடியும்வரை கேட்டுவிட்டுப் போனான் என்று ராமுத்தாய் பிறகு சொன்னாள். யார் பாடியது என்று கபிரியேல் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

திருநாள் சாப்பாடு முடிந்து, வந்தவர்களெல்லாம் அவர் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டுப் போனபிறகு மதலேனம்மாள் ஏனம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் காட்டியாச்சு. பொம்மைகிட்டச் சொல்லியாச்சு. மவன்கிட்ட எப்ப சொல்லப் போறீய?"

கபிரியேல் பல் குத்திக்கொண்டிருந்தார். குச்சியை எடுத்துக் கீழே போட்டார்.

ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுவாரம், ஒருநாள் லீவு போட்டார். முதல் பஸ்ஸில் மறையூர் வழியாக உடுமலை, அங்கிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து முதலமடை. வழி நெடுக ஒரே வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டு போனார்: 'நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுல.' மலையை விட்டு இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினார். பிறகு மேல் பொத்தானைக் கழற்றினார். முதலமடையில் இறங்கியபோது வெயில் தலையில் உட்கார்ந்தது. மலையின் இந்தப் பக்கத்தில் மழை இல்லை என்று கேள்விப்பட்டிருந்தார். காய்ந்த செம்மண்ணில் கண்ணுக்கெட்டிய தூரம் மாமரங்கள், பூவும் பிஞ்சுமாக நின்றன.

டீக்கடையில் விசாரித்தார். கடைக்காரர் கந்தப்பன் கிளாசைக் கழுவிக்கொண்டே, "ஆரு, மலைக்கார மிக்கேலுங்களா? அந்தா, மோட்டார் ரூமைத் தாண்டி ஓட்டு ஊடு தெரியுதுங்களே, அதுதானுங்க. நீங்க ஆருங்க?" என்றார்.

"தெரிஞ்சவன்" என்றார் கபிரியேல்.

"நல்ல மனுசனுங்க. மருந்தடிக்கப் போனாக்கூடப் புள்ளைய வரப்புல உக்கார வெச்சுட்டுத்தானுங்க போவாரு. ஒரு நிமிசம் கண்ணுக்கு மறைவா உட மாட்டாருங்க."

மிக்கேல் மரத்தடியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான். முன்பைவிடக் கறுத்திருந்தான். மீசை வைத்திருந்தான்.

"அப்பா. எப்ப வந்தீய?"

"இப்பத்தான்."

"அம்மாவுக்கு சொகமா?"

"ம். சிசிலி?"

"கொல்லங்கோட்டுச் சந்தைக்குப் போயிருக்கா. இருங்க, வந்துருவா."

அவனுக்குப் பின்னால் ஒரு சிறுமி நின்றாள். ஏழு வயது. அப்பாவின் சட்டையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். கபிரியேல் பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. கயிற்றுக் கட்டிலின்மேல் வைத்தார். அவர் கை விலகியபிறகு வந்து எடுத்துக்கொண்டாள்.

வாக்கியம் தொண்டைவரை வந்தது. அந்த நேரம் பார்த்து மருந்தடிக்கும் பம்பு கண்ணில் பட்டது, கழுத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. "வாசர் மாத்தினியா இவளுக்கு?" என்று கேட்டார். "கெடைக்கல" என்றான். கபிரியேல் உட்கார்ந்துவிட்டார். பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, வெட்டி, உள்ளே பொருத்தி, பம்பை அடித்துக் காட்டினார். அரைமணி நேரம் போயிற்று. ஒழுகல் நின்றது. அவருக்குத் தெரிந்த பேச்சு அதோடு முடிந்தது.

மிக்கேல்தான் ஆரம்பித்தான். "அம்மா காயிதம் போட்டிருந்தா. சூசையப்பர் செஞ்சீயளாம்."

"ம்."

"எல்லாரும் பாத்தாவளா?"

"பாத்தாவ." பிறகு, எங்கிருந்தோ இழுத்து, "அன்னைக்கு நான் அப்படி..." என்றார்.

"அது எனக்கு எப்பவோ மறந்து போச்சுப்பா." மிக்கேல் பிள்ளை கட்டிலில் படுத்துவிட்டதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தான். "சிரிச்சவனுவ மொகம்கூட மறந்து போச்சு. சங்கு ஊதுனதும் நீங்க உள்ள போயிட்டீய. அப்பொறம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? முடிச்ச அவுத்தேன். இவள ரோட்டுல எறக்கி விட்டேன். கையக்கூடப் பிடிக்கல. முன்னால நடந்தேன், ஆம்பளயாட்டம். ஒன்றர வயசுப்பா. மழையில ஏங்கி ஏங்கி அழுதுகிட்டுப் பின்னால வந்தா. ரோட்டு வளவு திரும்புத வரைக்கும் நான் திரும்பிப் பாக்கல. ராமுத்தாய் அக்காதான் தூக்கிட்டுப் போயிருக்கா." மருந்து வாளியைக் குச்சியால் கலக்கினான். "நீங்க சொன்னதுக்காவ நான் அங்க இருந்து வரல. அந்த வளவ தெனமும் பாக்க முடியல. அதான்."

ஒரு சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று கபிரியேல் வந்திருந்தார். ஐந்து வருடமாக அந்தச் சொல்லைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்து வருந்தியிருந்தார். அது மகனைப் புண்படுத்தியது என்றுதான் அவருக்குத் தெரியும். மகனையும் ஒரு காலை நேரம் தன்னைப்போல ஆக்கிவிட்டது என்பது இப்போதுதான் தெரிந்தது. அதற்கு அவரிடம் வாக்கியம் இல்லை.

"கலக்குன மருந்த வைக்கக்கூடாது. பத்து மரம் பாக்கி கெடக்கு" என்று மிக்கேல் எழுந்தான். "நாலரைக்குப் பஸ்சு. அத விட்டா உடுமலைக்கு வேற கெடையாது. இவ எந்திரிச்சா நான் அந்த வரிசையில நிக்கேன்னு சொல்லுங்க." பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான்.

கபிரியேல் கட்டிலுக்குப் பக்கத்தில் கல்லின்மேல் உட்கார்ந்தார். பிள்ளை ஒருக்களித்துத் தூங்கினாள். வாயோரம் பிஸ்கட் துகள். காது மதலேனம்மாளுடைய காது. தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. உள்ளங்கையைப் பார்த்தார். பம்பின் மருந்து வாடை அடித்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார்.

வெயில் மேற்கே சரிந்தது. மரத்தின் நிழல் கட்டிலை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. முதலில் பிள்ளையின் காலில் வெயில் விழுந்தது, பிறகு தோளில், பிறகு கண்ணில். பிள்ளை தூக்கத்தில் முகத்தைச் சுளித்தாள். கபிரியேல் எழுந்தார். கட்டிலை இழுத்தால் விழித்துவிடுவாள். விழித்தால், அப்பா இல்லாத இடத்தில், தெரியாத ஆள் ஒருவன். மேற்குப் பக்கமாகச் சுற்றிப்போய் வெயிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். அவருடைய நிழல் பிள்ளையின் முகத்தில் விழுந்தது. சுளிப்பு மறைந்தது.

ரோட்டில் நாலரை பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நின்று, இன்னொரு முறை அடித்தது. தூரத்து வரிசையில் பம்புச் சத்தம் நின்றது. மிக்கேல் மரங்களுக்கு இடையிலிருந்து எட்டிப் பார்த்தான். வெயில் பிள்ளையின் நெற்றியோரத்தில் மறுபடி ஏறியிருந்தது. கபிரியேல் அரை அடி தள்ளி நின்றுகொண்டார்.